கைக்கெட்டும் தூரம்

அன்புள்ள தம்பிக்கு,

போட்டிக்கு நீ எழுதிய கட்டுரை வந்தது. நடை நன்றாகத் தேறியிருக்கிறது. ஆனால் ஒரு வாக்கியத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. “துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கர்கள் வன்முறையில் மோகம் கொண்டவர்கள், அங்கே விழும் பிணங்களுக்கு இந்த மனநோயே காரணம்” என்று எழுதியிருக்கிறாய். ஒரே மூச்சில் இரண்டு கூட்டத்தார் மேல் பழி போட்டுவிட்டாய், துப்பாக்கி உரிமையாளர்கள் மேலும் மனநோயாளிகள் மேலும். தொலைக்காட்சி விவாதங்களில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கிறேன். என் மாணவனும் அதையே எழுதும்போது சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் உரிமையாளர்களைப் பார். அமெரிக்காவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தம்மிடம் சொந்தத் துப்பாக்கி இருப்பதாக 2023ல் ப்யூ ஆய்வு மையத்திடம் சொன்னார்கள். அவர்களில் நூற்றுக்கு 72 பேர் முக்கியக் காரணமாகச் சொன்னது பாதுகாப்பை. 2019 தொடக்கத்திலிருந்து 2021 ஏப்ரல் வரை முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கிய சுமார் 75 லட்சம் பேரில் பாதிப்பேர் பெண்கள். ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும் என்பதை, துப்பாக்கி வைத்திருப்பவர்களிலேயே பெரும்பான்மையோர் கருத்துக்கணிப்புகளில் ஆதரித்துவருகிறார்கள். மான் வேட்டைக்குப் போகும் விவசாயியையும் இரவுப் பணி முடிந்து தனியாக வீடு திரும்பும் செவிலியரையும் ஒரே குணத்துக்குள் அடைக்க உனக்கு எப்படி மனம் வந்தது?

மனநோய்க்கு வருகிறேன். டியூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்துவருபவர். அமெரிக்காவில் தீவிர மனநோயை நாளைக்கே முற்றாகக் குணப்படுத்தினாலும், மனிதர் மேல் மனிதர் நடத்தும் வன்முறையில் நூற்றுக்கு நான்கு பங்குதான் குறையும் என்பது அவர் எடுத்துக்காட்டும் கணக்கு. மீதி 96 பங்கை என்ன செய்யப் போகிறாய்?

இனி நீ தவறவிட்ட எண். 2021ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் தற்கொலைகள் 26,328, கொலைகள் 20,958. உன் கட்டுரையில் பக்கம் பக்கமாக வரும் பள்ளி, திரையரங்கப் படுகொலைகள் எந்த வரையறைப்படி எண்ணினாலும் மொத்தச் சாவில் இரண்டு சதவீதத்தைத் தொடாது. அவை கொடூரமானவை, அதில் ஐயமில்லை. ஆனால் செய்தியாக வராத சாவுகளே மிகப் பெரும்பங்கு. பாதிக்கு மேல் இருக்கும் தற்கொலைகளைப் பற்றி உன் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆய்வாளரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவருக்கு முன்பே, 1958ல் குற்றவியலாளர் மார்வின் உல்ஃப்காங் பிலடெல்பியா நகரத்துக் கொலைகளை ஆராய்ந்தார். கொல்லத் துணிந்தவனுக்குத் துப்பாக்கி கிடைக்காவிட்டால் வேறு ஆயுதத்தை எடுத்துக்கொள்வான் என்று கருதினார். பலரும் அதை ஒப்புக்கொண்டார்கள். பத்தாண்டு கழித்து, நான் சொன்ன ஆய்வாளர் ஃபிராங்க்ளின் ஸிம்ரிங் வந்தார். சட்டப்படிப்பை அப்போதுதான் முடித்த இளைஞர். சிகாகோ போலீஸ் பதிவேடுகளை எடுத்துக்கொண்டு, இறந்தவர்களை மட்டும் பார்க்காமல், தாக்கப்பட்டுப் பிழைத்தவர்களையும் சேர்த்து எண்ணினார். கத்தித் தாக்குதலும் துப்பாக்கித் தாக்குதலும் பெரும்பாலும் ஒரே மாதிரிச் சூழலில் நடந்திருந்தன. வீட்டுச் சண்டை, குடிபோதை, வாய்த்தகராறு முற்றிய கைகலப்பு. ஆனால் துப்பாக்கியால் தாக்கப்பட்டவர்கள் இறக்கும் வாய்ப்பு கத்தியால் தாக்கப்பட்டவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு.

அவர் அதோடு விடவில்லை. கொல்லும் நோக்கம் உறுதியாக இருப்பவன்தான் துப்பாக்கியைத் தேடி எடுக்கிறான் என்று வாதிட்டவர்களுக்கு 1972ல் பதில் சொன்னார். துப்பாக்கிகளுக்குள்ளேயே சிறிய குண்டையும் பெரிய குண்டையும் ஒப்பிட்டார். பெரிய குண்டு பட்டவர்கள் அதிகமாக இறந்தார்கள். சண்டையில் இறங்குகிற எவனும் தன் கோபத்தை அளந்து அதற்கேற்ற அளவில் குண்டு வாங்கிவைப்பதில்லை. கையில் எது இருந்ததோ அதை எடுத்தான். பிறகு 1997ல் கார்டன் ஹாக்கின்ஸுடன் சேர்ந்து எழுதிய நூலில் லண்டனையும் நியூயார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். திருட்டில் லண்டன் சளைத்த ஊரல்ல. ஆனால் கொள்ளையின்போது உயிரிழந்தவர்கள் லண்டனில் விரல்விட்டு எண்ணும் அளவு, நியூயார்க்கில் நூற்றுக்கணக்கு. பல்கலைக்கழக நூலகத்தில் அந்த நூலை எடுத்தவன் மூடும் மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. குற்றவியல் படிக்கும் யாரும் இதைப் படிக்காமல் பட்டம் வாங்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.

வறுமையும் இனப் பிரிவினையும் போலீஸ் மேல் நம்பிக்கையின்மையும் சண்டைகளை வளர்க்கின்றன. துப்பாக்கிக் கொலைகள் நகரங்களின் சில தெருக்களிலேயே குவிந்து கிடப்பதற்கு அவை காரணம். நான் மறுக்கவில்லை. ஆனால் சண்டை எதனால் வருகிறது என்பது ஒரு கேள்வி, சண்டை எதனால் சாவில் முடிகிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் குழப்பாதே. “கலாச்சாரம்” என்று ஒரே சொல்லைப் போட்டு இரண்டையும் மூடிவிடுவது சோம்பல்.

கைக்கெட்டும் கருவியே முடிவைத் தீர்மானிக்கிறது என்ற இதே விதிதான் தற்கொலைக்கும். அதற்குச் சான்று தேடி அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். பக்கத்தில் இலங்கை இருக்கிறது. 1995லும் 1998லும் கடும் நச்சுப் பூச்சிமருந்துகளை அங்கே தடைசெய்தார்கள். பத்தாண்டுக்குள் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகியது. மக்களின் துயரம் அதனால் தீர்ந்துவிடவில்லை; விஷம் குடித்து மருத்துவமனைக்கு வருபவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் பிழைத்து வீட்டுக்குத் திரும்பினார்கள். அப்படிப் பிழைத்தவர்களில் பெரும்பாலானோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. நெருக்கடி கடந்துவிடும், கடக்கும்வரை ஆள் உயிரோடு இருக்க வேண்டும். துப்பாக்கி பெரும்பாலும் அந்த இரண்டாவது வாய்ப்பைத் தருவதில்லை.

நம் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோவில் பகுதியில் மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் செய்த முயற்சியைப் படி. ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம். அதில் ஒவ்வொரு விவசாயிக்கும் பூட்டோடு ஒரு பெட்டி. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே பூட்டிவைத்து, தேவைப்படும்போது எடுத்துக்கொள்வார்கள். எந்த விவசாயியையும் கொலைகாரன் என்று யாரும் சொல்லவில்லை. மருந்தைப் பூட்டிவைக்கும்படிதான் கேட்டுக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்ததும் இதுவே. 2009ல் ஒரே கடையில் ஒரு வார காலத்துக்குள் துப்பாக்கி வாங்கிய மூவர், வாங்கிய சில மணி நேரத்தில் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்த அதிர்ச்சியிலிருந்து, துப்பாக்கிக் கடைக்காரர்களும் பொதுச் சுகாதாரத்தாரும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கினார்கள். மனம் உடைந்து வரும் வாடிக்கையாளரை எப்படி அடையாளம் காண்பது, விற்பனையை எப்படித் தள்ளிப்போடுவது, நெருக்கடியில் இருக்கும் நண்பனின் துப்பாக்கியை எப்படிக் கொஞ்ச நாள் வாங்கிவைப்பது என்பதைக் கடைகளே சொல்லத் தொடங்கின. நீ வன்முறை மோகிகள் என்று தள்ளிவைத்தவர்கள்தான் அதைச் செய்தார்கள். திட்டிக்கொண்டே இருந்திருந்தால் அவர்கள் கதவைத் திறந்திருப்பார்களா?

சுவிட்சர்லாந்தில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி, சாவு இல்லையே என்று யாராவது உன்னிடம் வாதிட்டால் இதைச் சொல். 2003ல் அந்நாடு தன் படையைப் பாதியாகக் குறைத்தது. வீட்டில் ராணுவத் துப்பாக்கி வைத்திருந்த ஆண்களின் எண்ணிக்கையும் இறங்கியது. படைச்சேவை வயது ஆண்களிடையே தற்கொலையும் குறைந்தது.

தம்பி, மனிதர்களின் குணத்தைச் சட்டம் திருத்த முடியாது. கோபத்துக்கும் விசைக்கும் நடுவே, துயரத்துக்கும் நஞ்சுக்கும் நடுவே ஒரு பூட்டையும் சில நாட்களையும் வைக்க முடியும். என் வாழ்நாள் படிப்பில் நான் உறுதியாக நம்புவது இது ஒன்றைத்தான்.

எண்களுக்குள் நாள் கணக்கில் உட்கார்ந்தால் மனம் கனக்கும். உனக்கோ உன் விடுதி நண்பர்களுக்கோ அப்படித் தோன்றினால் தயங்காமல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், எந்நேரமும் பேசுவார்கள். என்னிடமும் பேசு.

கட்டுரையை இப்படியே போட்டிக்கு அனுப்பாதே. “யார் கெட்டவர்” என்று தொடங்கும் பகுதியை முழுவதும் எடுத்துவிடு. அந்த 26,328 பேரை முதல் பக்கத்துக்குக் கொண்டுவா. எழுதி முடித்ததும் எனக்கு ஒரு படி அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்