வெளிநாட்டுப் பயணத்தில் டிப்ஸ்: யாருக்கு, எவ்வளவு, எப்படி?

நம் சங்கத்து உறுப்பினர்கள் பலருடைய பிள்ளைகள் இன்று வெளிநாடுகளில் வேலை பார்க்கிறார்கள். பெற்றோர் அங்கே போய்ச் சில மாதங்கள் தங்குவதும், அங்கிருந்து பஸ் டூரில் நயாகரா, வாஷிங்டன் என்று சுற்றிப் பார்ப்பதும் சகஜமாகிவிட்டது. போகுமுன் விசா, இன்ஷூரன்ஸ், மாத்திரை, கம்பளி உடை, ஊறுகாய் வரை எல்லாவற்றையும் விசாரித்துக்கொள்கிறோம். ஆனால் டூர் முடிகிற நாளில் வழிகாட்டிக்கும் டிரைவருக்கும் என்ன கொடுப்பது என்று யாரும் விசாரிப்பதில்லை. அதனால் கடைசி நேரத்தில் பஸ் வாசலில் தர்மசங்கடம் ஏற்படுகிறது.

அமெரிக்காவில் நானும் என் மனைவியும் போன மூன்று நாள் பஸ் டூரில் இதை நேரில் பார்த்தேன். கடைசி நாள் வழிகாட்டி மைக்கில், 'ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு' என்று சொல்லிவிட்டு உறையோடு வந்தார். எங்களுக்கு முன் சீட்டில் வயதான குஜராத்தித் தம்பதி. 'டிக்கெட்டுக்கு எங்கள் மகன் முழுப் பணமும் கட்டிவிட்டானே, இது எதற்கு?' என்று அவர் கேட்டார். கையில் பணமும் இல்லை. எல்லாம் மகனுடைய கார்டில் கட்டியது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் கேட்டதில் தவறில்லை, உறையை நீட்டியவர் மேலும் தவறில்லை. அந்த ஊர்ச் சம்பள முறை இவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

டிப்ஸ் எது, எது இல்லை

நமக்கு இனாம் என்றால் மனம் குளிர்ந்து கொடுப்பது. கொடுத்தால் புண்ணியம், கொடுக்காவிட்டால் குற்றமில்லை. மாமூல் என்றால் வேலை நடப்பதற்கு முன்பே கேட்டு வாங்குவது. சில நாடுகளில் டிப்ஸ் இந்த இரண்டிலும் சேராது. அங்கே அது கூலியின் ஒரு பகுதி. முதலாளி ஒரு பங்கைக் கொடுப்பார், மீதியை வாடிக்கையாளர் கொடுப்பார் என்று எண்ணியே சம்பளத்தை நிர்ணயித்திருப்பார்கள். ஆகவே, 'எவ்வளவு கொடுக்கலாம்?' என்று கேட்பதற்கு முன், 'இவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது?' என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

ரயில் பெட்டியில் ஒரு பாடம்

ரயில்வேயில் இருந்தவன் என்பதால் இந்தச் சரித்திரம் என்னைக் கவர்ந்தது. ஜார்ஜ் புல்மன் என்பவர் 1867-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி தொடங்கி, படுக்கை வசதி உள்ள பெட்டிகளை ரயில்களில் இணைத்து ஓட்டினார். அங்கே உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்து அடிமை முறை ஒழிந்திருந்த சமயம். விடுதலை பெற்ற கறுப்பினத்தவரை அந்தப் பெட்டிகளில் போர்ட்டர்களாக வைத்தார். படுக்கை விரிப்பது, மூட்டை தூக்குவது, பூட்ஸ் துடைப்பது எல்லாம் அவர்கள் வேலை. கம்பெனி கொடுத்த சம்பளம் மிகக் குறைவு, பயணிகளின் டிப்ஸை நம்பித்தான் குடும்பம் நடந்தது. முதலாளியின் பெயரை வைத்து எல்லாப் போர்ட்டர்களையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிடுவார்களாம். புல்மன் 1897-ல் இறந்த பிறகு கம்பெனிக்குத் தலைவராக வந்தவர் யார் தெரியுமா? அடிமை விலங்கை உடைத்த ஆபிரகாம் லிங்கனின் சொந்த மகன் ராபர்ட் லிங்கன்தான்!

போர்ட்டர்கள் 1925-ல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு வருடப் போராட்டத்துக்குப் பிறகு, 1937-ல்தான் கம்பெனி அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. டிப்ஸை நம்பி வாழ்வது தங்களுக்கு எவ்வளவு கௌரவக் குறைவு என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கேட்டது இனாம் அல்ல, சரியான சம்பளம்.

இன்றைய கணக்கு

அந்தப் பழக்கம் அங்கே சட்டத்திலும் ஏறியிருக்கிறது. மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். ஆனால் ஹோட்டல் சர்வர் போல டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டியது மணிக்கு 2.13 டாலர்தான். இந்தத் தொகை 1991 முதல் மாறவில்லை. மீதி டிப்ஸில் வந்துவிடும் என்பது கணக்கு. வராவிட்டால் குறைவதை முதலாளி ஈடுகட்ட வேண்டும். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் முழுக் கூலியையும் முதலாளியே கொடுக்க வேண்டும். டூர் வழிகாட்டிகள் எல்லோரும் இந்த 2.13 டாலர் பிரிவில் வருவதில்லை. ஆனாலும் பஸ் டூர் வழிகாட்டியும் டிரைவரும் டிப்ஸைத் தங்கள் வருமானமாகவே எண்ணியிருப்பார்கள்.

இதற்கு விலக்கும் உண்டு. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் சுற்றிக்காட்டும் ரேஞ்சர் அரசாங்க ஊழியர். அவருக்குப் பணம் நீட்டக் கூடாது, அவரும் வாங்க மாட்டார். நன்றி சொன்னால் போதும்.

எவ்வளவு?

அமெரிக்காவில் பல நாள் பஸ் டூர் என்றால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு வழிகாட்டிக்கு 7 முதல் 10 டாலர், டிரைவருக்கு 3 முதல் 5 டாலர் என்பது பொதுவாக வழங்கும் அளவு. ஒரு நாள் டூர் என்றால் டிக்கெட் விலையில் 15 முதல் 20 சதவீதம்.

இரண்டு பேர், மூன்று நாள், இருவருக்குமாக நாளொன்றுக்குத் தலைக்கு 12 டாலர் என்று வைத்தால் 2 x 3 x 12 = 72 டாலர். இதை ரூபாயால் பெருக்கினால் நெஞ்சு அடைக்கும்! ஆகவே பஸ் வாசலில் பெருக்காதீர்கள், வீட்டிலேயே பெருக்குங்கள். டிக்கெட் விலையோடு இந்த 72 டாலரையும் சேர்த்து, 'இதுதான் டூரின் உண்மையான விலை' என்று எஸ்டிமேட் போடுங்கள். கட்டுப்படியானால் போகலாம். விலை குறைவாகத் தெரியும் டூர் சில சமயம் டிப்ஸைச் சேர்த்தால் குறைவாக இருக்காது.

மற்ற நாடுகளில்

ஐரோப்பாவில் நிலைமை வேறு. பிரான்ஸில் ஹோட்டல் பில்லில் சேவைக் கட்டணம் விலையோடு சேர்ந்தே இருக்கும். அதற்கு மேல் சில்லறை வைப்பது உங்கள் இஷ்டம். இந்தியாவிலிருந்து குழுவாக ஐரோப்பா அழைத்துச் செல்லும் கம்பெனிகளில் பல, டிப்ஸை முன்பே தொகையோடு சேர்த்து வாங்கிவிடுகின்றன. ரசீதைப் படித்துப் பாருங்கள். சேர்த்திருந்தால் மறுபடி கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஐரோப்பிய நகரங்களில் 'இலவச நடைச் சுற்றுலா' என்று ஒன்று உண்டு. இரண்டு மணி நேரம் தெருத் தெருவாக நடந்து சரித்திரம் சொல்வார்கள், கட்டணம் இல்லை. இலவசம்தானே என்று நம்மவர்கள் பாதியில் நழுவிவிடுவதுண்டு. அந்த வழிகாட்டிக்குப் பெரும்பாலும் சம்பளமே கிடையாது, கடைசியில் கூட்டம் கொடுப்பதுதான் வருமானம். பல இடங்களில் வந்தவர்களைத் தலை எண்ணி அவரே கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டும். நீங்கள் நழுவினால் அவர் கைப்பணம் போகும். முழுக்கக் கேட்டால் ஒருவருக்குச் சுமார் 10 யூரோ கொடுப்பது நியாயம். கொடுக்க மனமில்லையென்றால் ஆரம்பத்திலேயே சேராமல் இருப்பது மேல்.

ஜப்பானில் டிப்ஸ் பழக்கமே இல்லை. மேசையில் காசு வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துப் பின்னால் ஓடி வந்து கொடுப்பார்கள். வேலையைச் சரியாகச் செய்வது அவர்களுக்குக் கடமை, அதற்குச் சம்பளம் இருக்கிறது. அங்கே வழிகாட்டிக்கு ஏதாவது செய்ய விரும்பினால், நம் ஊரிலிருந்து ஒரு சிறு பரிசுப் பொருள் கொண்டு போய்க் கொடுக்கலாம்.

கொடுக்கும் முறை

1. புறப்படுமுன் மகனிடமோ மகளிடமோ, 'டிப்ஸ் சேர்ந்திருக்கிறதா, இல்லையா?' என்று கேளுங்கள். இல்லையென்றால் டிப்ஸ் தொகையை ஒன்று, ஐந்து, பத்து டாலர் நோட்டுகளாக வாங்கித் தனி உறையில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையிடம் பணம் கேட்கக் கூச்சப்பட்டு, ஊரார் முன் தலைகுனிய வேண்டாம்.

2. இந்திய ரூபாயைக் கொடுக்காதீர்கள், அவர்களால் மாற்ற முடியாது. வேறு நாட்டு நாணயங்களும் அப்படித்தான். பணம் மாற்றுபவர்கள் நோட்டைத்தான் வாங்குவார்கள், சில்லறையை வாங்க மாட்டார்கள்.

3. டிரைவரை மறக்காதீர்கள். வழிகாட்டியின் பேச்சு நம் காதில் விழுகிறது, டிரைவரின் வேலை கண்ணில் படுவதில்லை. பத்து மணி நேரம் ஓட்டிப் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்ப்பவர் அவர்தான். ரயிலிலும் அப்படித்தானே!

4. டூரின் முடிவில் கொடுங்கள். கையைப் பிடித்து, பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். அங்கும் இங்கும் பார்த்து மறைத்துக் கொடுக்க இது லஞ்சம் அல்ல.

5. வேலை சரியில்லையென்றால் குறைத்துக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. காரணத்தை மரியாதையாகச் சொல்லுங்கள். ஆனால் டிக்கெட்டிலேயே கட்டாயக் கட்டணம் என்று அச்சிட்டிருந்தால் அங்கே வாதாடிப் பயனில்லை. கம்பெனிக்கு எழுதுங்கள்.

டிப்ஸ் முறை நல்லதா என்று கேட்டால், அல்ல என்பதே என் அபிப்பிராயம். உழைப்பவருக்கு முழுச் சம்பளத்தையும் முதலாளியே கொடுப்பதுதான் முறை. ஆனால் அந்த நாட்டுச் சட்டத்தை, மூன்று நாள் பஸ்ஸில் போகும் நாம் மாற்ற முடியாது. நாம் கொடுக்காமல் வந்தால் முதலாளிக்கு ஒன்றும் ஆகாது. மாலையில் வெறும் கையோடு வீட்டுக்குப் போவது, வழியெல்லாம் நமக்குப் பொறுமையாக விளக்கம் சொன்ன அந்த மனிதர்தான்.