கோதுமையை விட்டும் வயிறு உப்புகிறதா?

குளூட்டன் என்ற புரதம் வேண்டாமென்று கோதுமையை நிறுத்தி, சோளச்சோறு, கம்பங்கூழ் என்று மாறிய பிறகும் வயிறு உப்பினால், தானியத்தைக் குற்றம் சொல்லுமுன் தொட்டுக்கொள்வதைக் கவனியுங்கள். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் கூழுக்குத் துணை சின்ன வெங்காயம்தான். அதன் விளைச்சலுக்குப் பெரம்பலூர் பேர்பெற்ற மாவட்டம். கோதுமையில் உள்ள ஃபிரக்டான் என்ற மாவுப்பொருள் வெங்காயத்திலும் பூண்டிலும் உண்டு. சிறுகுடல் அதைச் செரிப்பதில்லை. பெருங்குடலில் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் இல்லாமலே குளூட்டனைத் தவிர்த்துவந்த 59 பேரிடம் நார்வேயில் நடந்து, 2018இல் வெளியான ஆய்வில், குளூட்டனைவிட ஃபிரக்டானே கூடுதல் தொல்லை தந்தது.

தலைமுறையாகத் தின்ற வெங்காயமா ஒத்துக்கொள்ளாது என்பார்கள். வெங்காயம் நல்ல உணவுதான். ஆனால் குடல் தாங்கும் அளவு ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு வாரம் விட்டுப் பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஃபிரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே எண்ணெயில் வதக்கி, தண்ணீர் ஊற்றுமுன் வெங்காயத்தை எடுத்துவிட்டால் மணம் மட்டும் நிற்கும். சீலியாக் உள்ளவர்களுக்கு இந்த வெங்காயக் கவனம் மட்டும் போதாது. கூட்டுப் பெருங்காயப் பொட்டலத்தையும் அவர்கள் படித்தாக வேண்டும், பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். எடை குறைதல், ரத்தசோகை, நீடித்த வயிற்றுப்போக்கு இருந்தால் கோதுமையை நிறுத்துமுன்பே மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறுத்திய பின் செய்தால் நோய் இருந்தும் தெரியாமல் போகலாம்.