ரிப்பன் கேபிளைக் கண்டு பயம் ஏன்?

கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றினால் முதலில் கண்ணில் படுவது சாம்பல் நிறத்தில் பட்டையாக மடிந்து கிடக்கும் ரிப்பன் கேபிள்தான். 2003இல் சாட்டா வந்த பிறகு இது மெல்ல மெல்ல மறைந்துவிட்டது. அதனால் "இதையெல்லாம் எதுக்குப் படிக்கணும்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பழைய மெஷின்களில் ஜனங்களின் கணக்கும் போட்டோவும் இன்னும் கிடக்கின்றனவே, அதற்குத்தான்.

முதலில் அகலத்தைப் பாருங்கள். சுமார் 2 அங்குலம் இருந்தால் அது 40 பின் உள்ள ஐடிஇ கேபிள். ஹார்டு டிஸ்க்குக்கும் சிடி டிரைவுக்கும் போவது. கொஞ்சம் குறுகலாக, 34 பின்னோடு, நடுவில் சில கம்பிகள் மட்டும் முறுக்கி விடப்பட்டிருந்தால் ஃப்ளாப்பி கேபிள். முறுக்கியிருப்பது 10 முதல் 16 வரையுள்ள 7 கம்பிகள். முறுக்குக்கு அப்புறம் வரும் டிரைவ்தான் 'ஏ'. முறுக்கு பழுது இல்லை, நேராக்கப் போகாதீர்கள்!

ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு 1ஆம் நம்பர் கம்பி. மதர்போர்டில் 1 என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். இல்லாவிட்டால் போர்டின் அடியில் சதுரமாக உள்ள சால்டர் புள்ளியைத் தேடுங்கள். ஹார்டு டிஸ்க்கில் பெரும்பாலும் சிவப்புக் கோடு பவர் கனெக்டர் பக்கம் வரும். ஃப்ளாப்பியில் இந்தக் கணக்கை நம்பக் கூடாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

திருப்பி மாட்டினால் என்ன ஆகும்? ஐடிஇயில் 1ஆம் பின் ரீசெட், 40ஆம் பின் கிரவுண்ட். கேபிள் திரும்பினால் டிஸ்க்கின் ரீசெட் நேராகக் கிரவுண்டில் போய் உட்காரும். டிஸ்க் ரீசெட்டிலேயே கிடக்கும். பயாஸ் கண்ணுக்குத் தெரியாது. ஃப்ளாப்பியில் ஒற்றைப்படை பின்கள் கிரவுண்ட். திருப்பினால் சிக்னல் எல்லாம் கிரவுண்டாகி, டிரைவ் விளக்கு அணையாமல் எரியும். எழுதும் சிக்னலுக்கும் அதே கதிதான். விளக்கு அணையாமல் எரியும்போது டிஸ்கெட்டை உள்ளே போடாதீர்கள், உள்ளே இருப்பது அழிந்து போகலாம்.

எங்கள் தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒரு பழைய மெஷினைக் கொண்டு வந்தார். ஒரு கடையில் "டிஸ்க் செத்துப் போச்சு, தூக்கிப் போடுங்க" என்று சொல்லிவிட்டார்களாம். திறந்து பார்த்தால் மதர்போர்டு கனெக்டரைச் சுற்றித் தடுப்பே இல்லை, சிவப்புக் கோடு எதிர்ப்பக்கம் நின்றது. திருப்பி மாட்டியதும் பயாஸில் டிஸ்க் பெயர் வந்தது. இறந்துபோன பல பெரியவர்களின் ஒரே படம் அதில்தான் இருந்ததாம். முழுவதையும் உடனே வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்துக் கொடுத்தோம்.

கோடு சரியாக இருந்தும் டிஸ்க் தெரியாவிட்டால் ஜம்பரைப் பாருங்கள். ஒரே கேபிளில் இரண்டு டிரைவ் இருந்தால் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். இரண்டும் மாஸ்டர் என்றால் சண்டைதான்.

அல்ட்ரா டிஎம்ஏ 66 வேகத்துக்கு வந்த கேபிளில் பின் அதே 40, கம்பி மட்டும் 80. கூடுதலான 40ம் கிரவுண்ட். பக்கத்துப் பக்கத்துச் சிக்னல்கள் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்க. நீலம் மதர்போர்டுக்கு, கருப்பு மாஸ்டருக்கு, நடுவில் சாம்பல் ஸ்லேவுக்கு. நீளம் 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இதில் 20ஆம் துளை அடைத்திருக்கும். ரொம்பப் பழைய போர்டில் 20ஆம் பின்னும் இருந்தால் உள்ளே போகாது; அழுத்தினால் பின் வளையும்.

வேலை தொடங்குமுன் பவர் கார்டையே பிடுங்கிவிடுங்கள். ஏடிஎக்ஸ் சப்ளையில் ஆஃப் செய்தாலும் 5 வோல்ட் இருக்கும். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, கேபிளைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரின் இரு முனையையும் பிடித்து மெதுவாக அசைத்து எடுங்கள். பின் வளைந்துவிட்டால் கொறடு வேண்டாம். லெட் இல்லாத மைக்ரோடிப் பென்சிலின் மூக்கைப் பின்மேல் செருகி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினால் போதும்.