தென்காசியில் இருந்தே வெப் டெவலப்பர் ஆகலாம்: துறை மாறுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தென்காசிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது மத்தளம்பாறை. 2011இல் ஜோஹோ நிறுவனம் அங்கே ஓர் அலுவலகத்தைத் தொடங்கியது. வாடிக்கையாளர் புகார்களைக் கையாள உலகம் முழுக்க நிறுவனங்கள் பயன்படுத்தும் ஜோஹோ டெஸ்க் மென்பொருள் உருவானது அந்த அலுவலகத்தில்தான். நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவை விட்டு இந்த வட்டாரத்துக்கே வந்து குடியேறினார். கம்ப்யூட்டர் வேலை என்றால் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி எழும்பூரில் இறங்கினால்தான் என்ற நினைப்பு அதற்குப் பிறகு இங்கே மாறியது.

அதோடு ஒரு கேள்வியும் பிறந்தது. தனியார் பள்ளி ஆசிரியை, மெடிக்கல் ரெப், ஜவுளிக்கடைக் கணக்கர், வளைகுடாவிலிருந்து திரும்பிய கடையநல்லூர்க்காரர், குழந்தை பிறந்ததும் வேலையை விட்ட பெண் என்று பலரும் அதைக் கேட்கிறார்கள்: “அண்ணாச்சி, இந்த வயசுக்கு மேல கோடிங் படிச்சா வேலை கிடைக்குமா?” கிடைக்கும். ஆனால் விளம்பரங்கள் சொல்லும் வேகத்தில் கிடைக்காது. இந்த வழிகாட்டி அவர்களுக்காக எழுதப்பட்டது.

பூட்கேம்ப் என்பது என்ன?

மூன்று நான்கு ஆண்டுப் படிப்பை எடுத்துக்கொள்ளாமல், வேலைக்கு உடனே தேவைப்படும் பகுதியை மட்டும் சில மாதங்களில் அழுத்தமாகக் கற்றுத்தருவதுதான் பூட்கேம்ப். 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டெவ் பூட்கேம்ப் இதற்கு முன்னோடி. அதன் வெற்றியைப் பார்த்துப் பலர் தொடங்கினார்கள். அந்த முன்னோடி நிறுவனமே 2017 முடிவில் மூடப்பட்டது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

கணக்கு எளியது. வாரம் 50 மணி நேரம் வீதம் 12 வாரம் என்றால் 600 மணி நேரம். வேலைக்குப் போய்க்கொண்டே இரவில் தினம் 2 மணி நேரம் ஒதுக்குபவருக்கு அதே 600 மணி நேரம் 300 நாள் ஆகும். “மூன்று மாதத்தில் டெவலப்பர்” என்ற விளம்பரத்தைப் படிக்கும்போது இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். முழு நேரமும் ஒதுக்க முடியாதவருக்கு ஓராண்டு என்பதே நியாயமான அளவு. அந்த ஓராண்டுக்கு வீட்டின் சம்மதம் வேண்டும். மாமியார், கணவர், மனைவி, பிள்ளைகள் எல்லோரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பாதியில் நின்றுபோகும் பலருக்குப் பாடம் கடினமாக இருப்பதில்லை. உட்கார நேரம் கிடைக்காததே காரணம்.

நமக்குப் பக்கத்தில் இருப்பவை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஜோஹோ ஸ்கூல்ஸ் ஆஃப் லேர்னிங் கட்டணம் வாங்காமல் உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்சி தருகிறது, தென்காசியிலும் அதற்கு வளாகம் உண்டு. ஆனால் அந்த இரண்டு ஆண்டுப் பயிற்சி பள்ளியோ டிப்ளமாவோ முடித்துவரும் இளையோருக்கானது. முப்பது வயதில் துறை மாற நினைப்பவர் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். உங்கள் தங்கையோ மகனோ பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்குப் பொருந்தக்கூடியது அதே அமைப்பின் ‘மறுபடி’ திட்டம். தொழில்நுட்ப வேலையில் இருந்து, பிறகு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ இடைவெளி விட்ட பெண்களுக்கான மூன்று மாதப் பயிற்சி அது. ஒவ்வொரு முறையும் தகுதி, இடம், தேதி எல்லாவற்றையும் அந்த முறைக்கான அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் சொன்னதை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம்.

தமிழில் கேட்டால்தான் புரியும் என்பவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2014இல் தொடங்கிய குவி நிறுவனம் தமிழில் கோடிங் சொல்லித்தருவதையே அடிப்படையாக வைத்து வளர்ந்தது. கணியம் 2012 முதல் எளிய தமிழில் மென்பொருள் கட்டுரைகளையும் மின்னூல்களையும் இலவசமாக வெளியிட்டு வருகிறது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் காணொளிகளும் தமிழ்க் குரலில் கிடைக்கின்றன. தமிழில் புரிந்துகொண்டு, கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் பழகிக்கொள்வது நல்ல வழி. பிழைச்செய்திகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும் என்பதால் அந்த அளவுக்காவது ஆங்கிலம் தேவைப்படும்.

படி 1: பணம் கட்டும் முன் ஒரு மாதம் இலவசமாகப் படியுங்கள்

ஒரு லேப்டாப் வேண்டும். செல்போனில் பாடம் கேட்கலாம், வேலை பழக முடியாது. 8 ஜி.பி. ரேமும் எஸ்.எஸ்.டி.யும் உள்ள பழைய லேப்டாப் போதும். சாரல் மாதங்களில் மரக்கிளை விழுந்து மின்சாரம் போவது நமக்குப் பழக்கம்தான். ஆகவே பேட்டரி இரண்டு மணி நேரமாவது நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பிறகு ஃப்ரீகோட்கேம்ப் தளத்தில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். பாடங்களைத் தொடங்குங்கள். காசு எதுவும் கேட்கமாட்டார்கள். ஒரு பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று சொல்வது எச்.டி.எம்.எல்., அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்வது சி.எஸ்.எஸ்., பயனர் தொட்டதும் என்ன நடக்க வேண்டும் என்று சொல்வது ஜாவாஸ்கிரிப்ட். எந்தப் பூட்கேம்பில் சேர்ந்தாலும் முதல் மாதம் இதுதான் நடக்கும்.

இந்த மாதத்தில் நீங்கள் சோதித்துப் பார்க்க வேண்டியது உங்கள் பொறுமையை. ஒரு மேற்கோள்குறியை மூட மறந்திருப்பீர்கள், பாதிப் பக்கம் காணாமல் போயிருக்கும். எங்கே தவறு என்று தேடி முக்கால் மணி நேரம் போயிருக்கும். கண்டுபிடித்த பிறகு இன்னும் கொஞ்சம் செய்து பார்க்கலாம் என்று தோன்றினால் இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவரும். நாளுக்கு நாள் எரிச்சல் மட்டுமே மிஞ்சினால் விட்டுவிடுங்கள், அதில் அவமானம் எதுவும் இல்லை. லட்ச ரூபாய் கடன் வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொள்வதுதான் கொடுமை.

படி 2: ஊருக்குப் பயன்படும் ஒன்றைச் செய்து பழகுங்கள்

பயிற்சி நிலையங்களில் எல்லோரும் செய்வது ‘செய்ய வேண்டியவை பட்டியல்’ என்ற ஒரே செயலி. வேலைக்கு ஆள் எடுப்பவர் அதை நூறு முறை பார்த்திருப்பார். நமக்கோ குற்றாலம் இருக்கிறது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். மதுரையிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் கிளம்புபவர்கள் முதலில் கேட்பது, “இன்னைக்கு அருவியில் குளிக்க விடுறாங்களா?” பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி ஆகிய ஐந்துக்கும் அன்றைய நிலையைக் காட்டும் ஒரு பக்கத்தைச் செய்யத் தொடங்குங்கள். பார்க்கச் சின்ன வேலை, ஆனால் வெப் டெவலப்பரின் பாடம் முழுவதும் அதற்குள் வந்துவிடும்.

முதல் நாள் ஐந்து வரிசை கொண்ட ஓர் அட்டவணை. மறுநாள் அனுமதிக்குப் பச்சை, தடைக்குச் சிவப்பு. இங்கே நின்று யோசியுங்கள்: சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், அதனால் நிறத்தோடு ‘தடை’ என்ற சொல்லும் இருக்க வேண்டும். வருகிறவர் பேருந்தில் இருந்துகொண்டு செல்போனில் பார்ப்பார், எழுத்து அதற்கேற்ற அளவில் இருக்க வேண்டும். மலையடிவாரத்தில் சிக்னல் பலவீனமாக இருக்கலாம், பெரிய படங்களைப் போட்டுப் பக்கத்தைக் கனமாக்கக் கூடாது. அடுத்த வாரம் ஜாவாஸ்கிரிப்ட்: தகவலை ஒரே இடத்தில் மாற்றினால் பக்கம் முழுக்க மாற வேண்டும்.

மிக முக்கியமானது கடைசியாகப் புதுப்பித்த நேரம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு சிறுவன் இறந்துபோனான். காலையில் ‘அனுமதி’ என்று எழுதிய பக்கம் மாலையிலும் அப்படியே நின்றால் அது ஆபத்தான பக்கம். ஆகவே தகவல் மூன்று மணி நேரத்துக்கு மேல் பழையதாகிவிட்டால் ‘அனுமதி’ தானாக மறைந்து ‘நிலவரம் தெரியவில்லை’ என்று வர வேண்டும். இந்த ஒரு நிபந்தனையை நீங்களாக யோசித்து எழுதினால், நேர்காணலில் அதைப் பற்றி மட்டுமே பத்து நிமிடம் பேசலாம். இன்னொன்றும் செய்யுங்கள். அதிகாரிகளிடமிருந்து தகவல் வராதவரை பக்கத்தின் உச்சியில் ‘இது பயிற்சிக்காக மட்டும்’ என்று பெரிதாகப் போடுங்கள். உங்கள் பயிற்சிப் பக்கத்தை நம்பி யாரும் அருவியில் இறங்கிவிடக் கூடாது.

தமிழில் பக்கம் செய்யும்போது வேறு ஒரு நுட்பமும் கைவரும். ‘தென்காசி’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் 8 என்று சொல்லும். யூனிகோடில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியாகச் சேமிக்கப்படுவதால் வரும் வேறுபாடு அது. பெயருக்கு இத்தனை எழுத்துதான் என்று வரம்பு வைக்கும் படிவங்களில் தமிழ்ப் பெயர்கள் பாதியில் வெட்டுப்படக் காரணம் இதுவாக இருக்கலாம். இதைத் தெரிந்துகொண்டு சரியாக எழுதும் டெவலப்பர்கள் நமக்கு வேண்டும்.

படி 3: ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்

துறை மாறுபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘வேலை கிடைத்த பிறகு கட்டணம்’ என்று ஒரு முறை உண்டு. அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் நடத்திய லாம்ப்டா ஸ்கூல் பிறகு ப்ளூம்டெக் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2024 ஏப்ரலில் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு அதன் மீது நடவடிக்கை எடுத்தது. மாணவர்களில் 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்ததாக விளம்பரம் செய்திருந்தார்கள். உண்மை நிலவரம் 50 சதவீதத்தை ஒட்டியிருந்தது, சில பிரிவுகளில் 30 வரை இறங்கியிருந்தது. மாணவர்கள் கையெழுத்திட்டது கடன்தான் என்பதையும் மறைத்திருந்தார்கள். சட்டம் கடுமையாக உள்ள நாட்டிலேயே இப்படி என்றால் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இங்கே அதிகம் நடப்பது இ.எம்.ஐ. முறை. மாதத் தவணை என்று சொல்லுவார்கள். உண்மையில் ஒரு நிதி நிறுவனம் முழுத் தொகையையும் பயிற்சி நிலையத்துக்குக் கொடுத்துவிட்டு, உங்கள் பெயரில் கடனாக எழுதிக்கொள்ளும். இரண்டாவது மாதம் நீங்கள் வகுப்பை விட்டாலும் தவணை நிற்காது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள ஒப்புதலும் கொடுத்திருப்பீர்கள். கட்டத் தவறினால் சிபில் மதிப்பெண் விழும், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது அது தடையாக வந்து நிற்கும்.

சேரும் முன் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: இது கடனா, யாரிடமிருந்து? இடையில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? சொன்ன தொகையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடக்கமா? போன பிரிவில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் டெவலப்பர் வேலையில் இருக்கிறார்கள்? ‘பிளேஸ்மென்ட் உதவி’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? படித்து முடித்த இரண்டு பேரிடம் நீங்களே பேசிப் பாருங்கள், அவர்களையும் நிலையம் தேர்ந்தெடுத்துத் தராமல் நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள். “இன்று இரவுக்குள் கட்டினால் பாதிக் கட்டணம்” என்று அவசரப்படுத்தினால் போனை வைத்துவிடுங்கள்.

படி 4: படிக்கும் மாதங்கள்

ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் பெயரைக் கேட்டதும் அதற்குத் தாவுபவர்கள் பிறகு தடுமாறுவார்கள். எழுதியதில் செய்த மாற்றங்களைப் பதிவு வைத்துக்கொள்ளும் கிட் என்ற கருவியை முதல் மாதத்திலேயே பழகி, அன்றன்று எழுதியதை கிட்ஹப் தளத்தில் ஏற்றுங்கள். அதன்பின் சர்வர் பக்கத்துக்கு நோட், தகவலைச் சேமிக்க மைஎஸ்கியூஎல் போன்ற ஒரு டேட்டாபேஸ். இதுவே போதும்.

சாட்ஜிபிடி போன்றவை வந்த பிறகு, தொடக்கநிலை ஆள் செய்துவந்த எளிய வேலைகள் குறைகின்றன. அது எழுதித் தருவதைச் சரிபார்க்கத் தெரிந்தவருக்குத்தான் இடம். ஆகவே முதல் நான்கு மாதம் பயிற்சிக் கணக்குகளை அதனிடம் கொடுத்து விடை வாங்காதீர்கள். பிழைச்செய்தி புரியவில்லை என்றால் விளக்கம் கேளுங்கள். நிரலை நீங்களே எழுதுங்கள்.

படி 5: பழைய தொழிலை மறைக்காதீர்கள்

துறை மாறுபவர்கள் பயோடேட்டாவில் பழைய வேலையை ஒரு வரியில் சுருக்கிவிடுகிறார்கள். அது தவறு. பத்து ஆண்டு கடைக் கணக்கு பார்த்தவருக்கு ஜி.எஸ்.டி. பில்லில் எங்கே சிக்கல் வரும் என்று தெரியும். குற்றாலம் லாட்ஜில் வரவேற்பில் இருந்தவருக்குச் சீசன் சனிக்கிழமை இரவு ஒரே அறையை இருவருக்குக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். இருபத்திரண்டு வயதுப் பட்டதாரியிடம் இந்த அறிவு இருக்காது. பில்லிங், முன்பதிவு, மருந்துக் கிடங்கு என்று உங்கள் பழைய துறைக்கு மென்பொருள் செய்யும் நிறுவனங்களைத்தான் முதலில் தேடுங்கள்.

மத்தளம்பாறையை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம். திருநெல்வேலி, நாகர்கோவில், மதுரையில் சிறு நிறுவனங்கள் உண்டு. மலையைத் தாண்டினால் நூறு கிலோமீட்டரைச் சற்றுக் கடந்து, 1990இல் தொடங்கிய திருவனந்தபுரம் டெக்னோபார்க் இருக்கிறது. சென்னையைவிட அது நமக்குப் பக்கம். முதல் சம்பளம் பழைய சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கலாம், அதற்கும் ஆறு மாதச் செலவுக்கும் கையில் பணம் வைத்துக்கொண்டு இறங்குங்கள். பயிற்சி முடியும்வரை இப்போதைய வேலையை விடாதீர்கள்.

இதைப் படிப்பவர்களில் ஏற்கெனவே இந்தத் துறையில் இருந்துகொண்டு தென்காசி, இலஞ்சி, செங்கோட்டை, கடையம் பக்கம் வசிப்பவர்களும் இருப்பீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். தெருவில் யாராவது கோடிங் படித்துக்கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அவர்கள் எழுதியதைப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள். பூட்கேம்புகள் பெரும் தொகை வாங்கிக்கொண்டு தருவதில் மிகவும் மதிப்புள்ளது அந்த ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் அதை இலவசமாகவே தர முடியும்.