பெருநகரில் உறைவிடம் தெரிதல்: ஆற்றுப்படை காட்டும் நெறி

ஊர் விட்டு ஊர் செல்வோர்க்கு வழி எவ்வளவு இன்றியமையாததோ, தங்குமிடமும் அவ்வளவு இன்றியமையாதது. வழி தவறினால் கேட்டுத் திரும்பலாம்; தங்குமிடம் பொருந்தாது போனால் சென்ற காரியமே கெடும். ஆய்வுக்காகவும் நேர்முகத் தேர்வுக்காகவும் மருத்துவத்திற்காகவும் சென்னைக்குச் செல்லும் நம் மாணவரும் அவர்தம் பெற்றோரும் பேருந்து நேரத்தையும் கட்டணத்தையும் பலமுறை கேட்டறிகின்றனர். நகரின் எப்பகுதியில் தங்குவது என்னும் வினாவையோ கடைசியில்தான் எழுப்புகின்றனர். சிலர் எழுப்புவதே இல்லை. அவ்வினாவைப் பழந்தமிழ் இலக்கியங்களின் துணைகொண்டும் இன்றைய சென்னையின் அமைப்பை நோக்கியும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒதுக்கீட்டில் அமைந்த ஊர்

நாம் வாழும் நெய்வேலி நகரியம், 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபின் திட்டமிட்டு அமைக்கப்பெற்ற ஊர். ஊரை வட்டங்களாகப் பிரித்து எண் இட்டனர். பணியில் சேர்ந்தவர்க்கு அவர்தம் பணிநிலைக்கு ஏற்ற வீடு ஒதுக்கப்பெறும். எந்த வட்டம், எந்தத் தெரு என்பதை ஒதுக்கீட்டு ஆணை கூறிவிடும். சுரங்கத்திற்கு நிலம் தந்த சிற்றூர் மக்களுக்கோ மாற்றிடம் பிறரால் காட்டப்பெற்றது. ஆக, நிறுவனத்திற்கு வந்தோரும் நிலம் கொடுத்துப் பெயர்ந்தோரும் தாம் வாழும் பகுதியைத் தாமே ஆராய்ந்து தெரிந்தவர் அல்லர்.

இத்தகைய ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குப் பகுதி என்பது ஓர் எண் மட்டுமே. ஒரு வட்டத்திற்கும் மற்றொரு வட்டத்திற்கும் பெரிய வேறுபாடில்லை; சாலைகள் நேரானவை; மரநிழல் எங்கும் உண்டு. இந்தப் பழக்கத்தோடு சென்னையில் இறங்கும் இளைஞர், அங்கும் எல்லாப் பகுதிகளும் ஒன்றுபோல் இருக்கும் என எண்ணிவிடுகிறார். சென்னையிலோ ஒவ்வொரு பகுதிக்கும் தொழில், மக்கள், உணவு, வழிபாடு, போக்குவரத்து, இரவு நேர இயல்பு எனத் தனித்தன்மைகள் உள்ளன. எனவே நெய்வேலியார்க்கு இவ்வினா பிறரைக் காட்டிலும் சற்று மிகுதியாகவே தேவைப்படுகிறது எனலாம்.

ஆற்றுப்படையின் பாடம்

பரிசில் பெற்று வந்த கலைஞர், வறுமையோடு எதிர்ப்பட்ட கலைஞரைப் புரவலரிடம் ஆற்றுப்படுத்துவது ஆற்றுப்படை. புரவலர் புகழ் அதன் மையப் பொருள் என்பது உண்மையே. எனினும் பயணம் செய்வோர்க்கு அது தரும் செய்தியும் சிறிதன்று. நல்லூர் நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பாணரை வழிப்படுத்துகிறது. வழியில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் ஆகிய ஊர்கள் வருகின்றன. அரசனது நகராகக் கிடங்கில் கூறப்படுகிறது. அக்கிடங்கில் இன்றைய திண்டிவனத்தைச் சார்ந்தது. நெய்வேலியிலிருந்து பண்ருட்டி, விழுப்புரம் வழியாகச் சென்னை செல்லும் நாம் இன்றும் திண்டிவனத்தைக் கடந்தே செல்கின்றோம்.

நத்தத்தனார் ஊர்ப்பெயரை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. எயிற்பட்டினத்தில் பரதவர், வேலூரில் எயினர், ஆமூரில் உழவர் என அங்கங்கு வாழ்வோரையும், அவர் விருந்தினர்க்கு அளிக்கும் உணவையும் சொல்லுகிறார். ஓர் ஊரை அறிவதென்பது அங்கு வாழும் மக்களை அறிவதே என்பது அவர் கொண்ட நெறி.

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி மற்றொரு பாடத்தைத் தருகிறது. மதுரையின் பகல் கடையான நாளங்காடியையும் மாலைக் கடையான அல்லங்காடியையும் அது தனித்தனியே காட்டுகிறது. நள்ளிரவில் திரியும் கள்வரையும் அவரைத் தேடும் ஊர்க்காவலரையும்கூட விடாமல் சொல்லுகிறது. ஒரே நகர் பொழுதுதோறும் வேறு நகராகிறது. இன்று கைப்பேசியில் அறையின் படத்தைப் பார்த்து முன்பதிவு செய்கின்றோம். அப்படம் கட்டிலையும் சன்னலையும் காட்டும். இரவு பத்து மணிக்கு அத்தெரு எப்படி இருக்கும் என்பதைக் காட்டாது. அதனை அங்கு வாழ்வோரிடம் கேட்டே அறிதல் வேண்டும்.

புறஞ்சேரியும் ஆயர்பாடியும்

புதிய நகரில் தங்குமிடம் தேடுவோரின் நிலையைச் சிலப்பதிகாரம் போல் விரிவாகக் காட்டிய தமிழ்க் காப்பியம் அரிது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் நேரே மதுரைக்குள் நுழையவில்லை, புறஞ்சேரியில் தங்கினர். கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுக் கோவலன் மட்டும் முதலில் நகருக்குள் சென்று வீதிகளைக் கண்டு திரும்பினான். இதுவே ஊர்காண் காதை. உடன் வருவோரை அமர்த்திவிட்டு, ஒருவர் முன்சென்று பார்த்துவரும் அந்த முறை இன்றும் பொருந்துவது.

புறஞ்சேரி துறவோர்க்கு உரிய இடம். இல்லறத்தார் நெடிது தங்கத் தக்கதன்று. எனவே பொழுது சாயுமுன் நகருக்குள் செல்லுமாறு கவுந்தியடிகள் கோவலனிடம் கூறுகிறார். அவ்வேளையில் வந்த ஆயர் முதுமகள் மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரியின் வீடு பெரிது என்றோ செல்வமுடையது என்றோ அவர் கருதவில்லை. அவள் குற்றமற்றவள், மூத்தவள், நேர்மையும் இரக்கமும் உடையவள். ஆயர் வாழ்க்கை பிறர்க்குத் தீங்கு செய்யாதது. இவையே அவர் எண்ணிய தகுதிகள். மாதரி தன் மகள் ஐயையைக் கண்ணகிக்குத் துணையாக வைக்கிறாள். மூவருள் மிகுந்த காவல் வேண்டியவர் யார் என்பதை எண்ணியே உறைவிடம் அமைந்தது.

கோவலனுக்கு நேர்ந்த முடிவு உறைவிடத்தால் வந்ததன்று. சிலம்பை விற்கத் தன்னை அறிந்தவர் எவரும் உடனின்றித் தனியே கடைவீதிக்குச் சென்றான். அவன் யார் என்று சான்று கூற ஒருவரும் அங்கு இல்லை. தங்கும் இடத்தில் மட்டுமன்றிக் காரியம் நடக்கும் இடத்திலும் நம்மை அறிந்தவர் ஒருவர் வேண்டும் என்பதை இக்கதை உணர்த்துகிறது.

இவற்றால் மூன்று வினாக்கள் கிடைக்கின்றன. எக்காரியத்திற்குச் செல்கின்றோம்? எங்கே, எப்பொழுதில் இறங்குகின்றோம்? அங்கு நம்மை அறிந்தவர் யார்? வாடகை இவற்றுக்குப் பின் வரவேண்டிய வினா.

இறங்குமிடம் மாறிய வரலாறு

தென்திசைப் பேருந்துகள் 2002ஆம் ஆண்டு வரை பாரிமுனைப் பகுதிக்கே வந்தன. இறங்கியவர் மண்ணடிக்கு நடந்தே சென்றார், திருவல்லிக்கேணியும் தொலைவன்று. நம் சமுதாயப் பெரியவர் பலர் இன்றும் சென்னை என்றதும் மண்ணடியை நினைப்பதற்கு இது ஒரு காரணம். 2002இல் கோயம்பேட்டுப் பேருந்து நிலையம் திறக்கப்பெற்றது. 2023 டிசம்பர் 30 அன்று வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய முனையம் திறக்கப்பெற்றபின் தென்மாவட்டப் பேருந்துகள் அங்கு நிற்கத் தொடங்கின. கிளாம்பாக்கத்திலிருந்து மண்ணடி 30 கிலோமீட்டருக்கும் மேல். ஆதலின் பழைய நினைவை மட்டும் கொண்டு இடம் குறித்தல் இனிப் பொருந்தாது.

இரவில் கிளாம்பாக்கத்தில் இறங்குவோர், காரியம் நகரின் தென்பகுதியில் இருப்பின், முதல் இரவைத் தாம்பரத்தை ஒட்டிக் கழிப்பது நலம். செங்கல்பட்டு, தாம்பரம், கடற்கரை வழித்தடத்து மின்தொடர் வண்டியில் கிண்டி, மாம்பலம், எழும்பூர் ஆகிய இடங்களைக் காலையில் எளிதில் அடையலாம். விருத்தாசலம் சென்று எழும்பூருக்கு ரயிலேறுவோர்க்கு எழும்பூரே இயல்பான உறைவிடம்.

காரியத்திற்கு ஏற்ற பகுதி

தமிழாய்வு செய்யும் மாணவரை முதலில் கருதுவோம். 1896இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் எழும்பூரில் உள்ளன. அவற்றில் பணி உடையவர் எழும்பூர்க் கென்னட் சந்து விடுதிகளில் தங்கின் நடந்தே செல்லலாம். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தரமணியில் உள்ளன. 2010இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகம் கோட்டூர்புரத்திலும், உ.வே.சாமிநாதையர் நூலகம் பெசன்ட் நகரிலும் உள்ளன. இவற்றை நாடுவோர்க்குத் திருவல்லிக்கேணி ஏற்றது. கடற்கரையிலிருந்து வேளச்சேரிப் பக்கம் செல்லும் பறக்கும் ரயில் திருவல்லிக்கேணி, கோட்டூர்புரம், இந்திரா நகர், திருவான்மியூர், தரமணி நிலையங்களை ஒரே தடத்தில் இணைக்கிறது.

நம் துறை மாணவியர் இருவர் தரமணியில் நூல் பார்க்கச் சென்று, அம்பத்தூரில் உறவினர் இல்லத்தில் தங்கினர். அன்பான வீடு, உணவுக்கும் குறைவில்லை. ஆனால் போகவும் வரவும் நாளின் பெரும்பகுதி கழிந்தது. ஐந்து நாள் சென்றும் இரண்டு நாள் படிப்பே படிக்க முடிந்தது. இது அவர்தம் குறையன்று. இடம் குறித்து முன்னரே எடுத்துரைப்பார் இல்லாத குறை.

திருவல்லிக்கேணிக்கு வேறு சிறப்பும் உண்டு. பார்த்தசாரதி கோயிலும், ஆற்காடு நவாப் குடும்பத்தார் 1795இல் எழுப்பிய வாலாஜா பெரிய பள்ளிவாசலும், பாரதியார் வாழ்ந்த இல்லமும் ஒரே பகுதியில் உள்ளன. ரமளான் மாதத்தில் அப்பள்ளிவாசலில் நோன்பு திறப்போர்க்கு, மயிலாப்பூரிலிருந்து சூஃபிதார் அமைப்பின் இந்துத் தொண்டர்கள் பல ஆண்டுகளாக உணவு பரிமாறி வருகின்றனர். பல திறத்தார் சேர்ந்து வாழும் இத்தகைய பகுதியில் சில நாள் தங்குதலும் ஒரு கல்வியே. எனினும் அங்குள்ள மேன்ஷன்கள் பெரும்பாலும் ஆடவர்க்கு உரியவை என்பதை மறத்தல் கூடாது.

மண்ணடியும் பெரியமேடும் வணிகம் கருதி வருவோர்க்கும், சென்ட்ரலை ஒட்டிய இராசீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கு வருவோர்க்கும் அணியன. சென்ட்ரலுக்கு அருகில் உள்ள சித்திக் சராயும் இராசா சர் இராமசாமி முதலியார் சத்திரமும், வழிப்போக்கர்க்கு இடம் தருதலை அறமாகக் கருதிய முன்னோரின் நினைவுகள்.

நோயாளரும் மகளிரும்

நோயாளரோடு செல்வோர் வாடகையைத் தனியே கணக்கிடுதல் தவறு. தொலைவில் உள்ள அறை நாளொன்றுக்கு 300 ரூபாய் குறைவு எனக் கொள்வோம். அங்கிருந்து மருத்துவமனைக்கு ஆட்டோவில் சென்றுவர 400 ரூபாய் ஆகுமாயின் 100 ரூபாய் இழப்பு. இருமுறை சென்றுவர நேர்ந்தால் இழப்பு 500 ரூபாய். நள்ளிரவில் மருத்துவர் அழைக்கும்போது உடனே செல்ல இயலாமையை எக்கணக்கில் எழுதுவது? மருத்துவமனைக்கு நடந்து செல்லும் தொலைவில், படியேறத் தேவையில்லாத அறையே இவர்க்கு உகந்தது.

தனித்துச் செல்லும் பெண்ணுக்கு அறை தர மறுக்கும் விடுதிகள் இன்றும் உள்ளன. பெயரைக் கேட்டபின் அறை நிரம்பிவிட்டது என்னும் விடுதிகளும் உள்ளன. இரவில், கையில் பெட்டியோடு இவ்விடையைக் கேட்க நேர்வது பெருந்துன்பம். ஆகவே புறப்படுமுன் தொலைபேசியில் பெயரையும் வருவோர் விவரத்தையும் தெளிவாகச் சொல்லி உறுதி பெறுதல் வேண்டும். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் உள்ள ஒய்.டபிள்யூ.சி.ஏ. விருந்தினர் விடுதியையும், தாம்பரம் முதலிய இடங்களில் அரசு அமைத்துள்ள தோழி விடுதிகளையும் நம் மாணவியர் முன்னரே கேட்டறியலாம்.

உறவினர் பலர் இருக்குமிடத்து

சென்னையில் உறவினர் பலர் இருப்பின் மற்றொரு இடர் எழும். ஒருவர் வீட்டில் தங்கினால் மற்றவர் மனம் நோகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா நகருக்குள் சென்றபோது ஒவ்வொரு குலத்தாரும் தம்மிடம் தங்குமாறு வேண்டினர். எவர் மனமும் நோகாதவாறு, ஒட்டகம் அமரும் இடத்தில் தங்குவதாகக் கூறி, அபூ அய்யூப் அன்சாரி (ரலி) அவர்களின் இல்லத்தில் தங்கினார்கள் என வரலாறு கூறும். நமக்கு இதிலுள்ள படிப்பினை, அழைப்பின் வேகத்தால் இடம் தெரிதல் கூடாது என்பது. காரியத்திற்கு அருகில் தங்குகிறோம், விடுமுறை நாளில் வந்து காண்கிறோம் என்று முன்னரே பணிவுடன் சொல்லிவிட்டால் எவரும் வருந்தார்.

தம் மக்களிடையே மட்டும் தங்குவதா, பிறரிடையே தங்குவதா என்றும் கேட்பர். முதல் பயணத்தில் அறிந்தவர் அருகே தங்குதல் அடைக்கலம், அதில் இழுக்கில்லை. அடுத்த பயணங்களிலும் அத்தெருவைத் தாண்டாதிருத்தல் நகரை அறியாதிருத்தல். மாதரியின் மனை போன்றது எத்தெருவிலும், எம்மக்களிடையேயும் இருக்கக்கூடும்.

நிறைவுரை

சென்று வந்தவர் செல்வோர்க்குக் கூறுவதே ஆற்றுப்படை. நம் கல்லூரியில் ஆண்டுதோறும் சென்னை சென்று திரும்பும் மாணவர் பலர். தங்கிய பகுதி, இறங்கிய நிலையம், காரியம் நடந்த இடத்தின் தொலைவு, இரவில் தெருவின் நிலை, துணை நின்றவர் ஆகியவற்றை அவர்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதித் துறை நூலகத்தில் வைத்தால், அடுத்துச் செல்லும் மாணவர்க்கு, குறிப்பாக முதன்முறை ஊர் தாண்டும் மாணவியர்க்கு, அது பெருந்துணையாகும். அக்குறிப்பேட்டை இக்கல்வியாண்டிலேயே தொடங்குமாறு துறை மாணவரை அன்புடன் வேண்டுகிறோம்.