ஐஸ் பெட்டி வாங்குமுன்: கடலூர், சிதம்பரம் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

1. விலையைக் கேட்குமுன் ஐஸ் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். கடலூர் துறைமுகத்தில் வாங்கும் மீன் சிதம்பரம் சேர ஏறக்குறைய 45 கிலோமீட்டர்தான். சாதாரணமாக இரண்டு மணி நேரத்துக்குள் வீடு வந்துவிடும். அதற்குச் சில நூறு ரூபாய் தெர்மாகோல் பெட்டியே தாராளம்.

2. கணக்கையும் பார்த்துவிடலாம். மே மாத வெயிலில், ஓர் அங்குலச் சுவருள்ள 25 லிட்டர் தெர்மாகோல் பெட்டிக்குள் புகும் வெப்பம் மணிக்குக் கால் கிலோ ஐஸைக் கரைக்கும். இரண்டு அங்குலப் பஃப் (பாலியூரித்தேன் நுரை) அடைத்த விலை உயர்ந்த பெட்டியில் அது 100 கிராம் அளவுதான். இரண்டு மணி நேரப் பயணத்தில் வித்தியாசம் வெறும் 300 கிராம் ஐஸ்! அதற்காகப் பல ஆயிரம் ரூபாய் கொடுப்பது வீண் என்பேன். ஆனால் முழு நாள் என்றால் ஒன்றில் ஆறு கிலோ போகும், மற்றதில் இரண்டரை கிலோவுக்குள் அடங்கும். அங்கேதான் காசுக்குப் பலன்.

3. எந்தப் பெட்டியும் மீனின் சூட்டைத் தானாக எடுத்துவிடாது. அது ஐஸின் வேலை. மூன்று கிலோ மீனைக் குளிரவைக்கவே ஒரு கிலோ ஐஸ் கரைந்துவிடும். அதனால் மீன் எடைக்குச் சம எடை ஐஸ் வாங்குங்கள். பார் ஐஸை நொறுக்கி, அடியில் ஒரு அடுக்கு, மேலே மீன், மறுபடி ஐஸ் என்று பரப்புங்கள். இறால், சங்கரா, வஞ்சிரம் எல்லாவற்றுக்கும் இதுவே முறை. கரைந்த நீரில் மீன் ஊறக் கூடாது. அடியில் ஓட்டைத் தட்டு வைத்தால் நல்லது.

4. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது துறைமுகப் பக்கமே போகாத வீடானால், வருடத்தில் எத்தனை முறை பெட்டியை எடுப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். தினமும் மீன் விற்பவர்கள், கல்யாணச் சமையல் எடுப்பவர்கள் ஆகியோருக்கு நல்ல பெட்டி அவசியம்.

5. வாங்குவதானால் மூடியைத்தான் முதலில் பாருங்கள். ரப்பர் விளிம்பு சுற்றிலும் பொருந்த வேண்டும். ஒரு காகிதத்தை இடுக்கில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். காலிப் பெட்டியைத் தூக்கியும் பாருங்கள். பஸ்ஸில் போகிறவருக்குப் பத்து கிலோ காலிப் பெட்டி பெரும் பாரம். சுவர் தடித்தால் உள்ளே இடமும் குறையும்.

6. பிச்சாவரம் சுற்றுலாவுக்குத் தண்ணீர், மோர் கொண்டுபோக மில்டன், செல்லோ போன்ற நடுத்தர விலைப் பெட்டி போதும். பாட்டில்களை முந்தின இரவே ஃபிரிட்ஜில் குளிரவைத்து அடுக்குங்கள்.

7. வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால் என் கணக்கு மாறும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையேறியபின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நாட்களுக்கு நல்ல பெட்டி வாங்கலாம், தயங்க வேண்டாம். ஆனால் மருந்து ஐஸைத் தொடக் கூடாது. துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள். உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது. மீன் வைத்த பெட்டியை இதற்கு எடுக்காதீர்கள்.

8. மீன் வாடை போகச் சமையல் சோடா கரைத்த நீரில் துடைத்து, நிழலில் காயவிட்டு, மூடியைத் திறந்தே வையுங்கள்.