மகள் பெயரில் ஒரு கணக்கு

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் நாம் ஏடுகளை மட்டும் பார்த்துத் திரும்புவதில்லை. கூலி ஏட்டில் ஒரு தறிக்கு ஒரு பெயரே எழுதப்பட்டிருக்கும். வீட்டினுள் சென்று பார்த்தாலோ, அத்தறிக்கு உழைப்போர் மூவர் நால்வர் இருப்பர். அவர்களுள் தார் சுற்றும் சிறுமியும் ஒருத்தி. “எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டோம்; உயர்நிலைப் பள்ளி தூரம்” என்பார் தாயார். உழவர் வீட்டிலும் களையெடுப்புக் காலத்தில் இதே விடை கிடைக்கும். அச்சிறுமியின் தம்பி மட்டும் பள்ளிக்குச் சென்றிருப்பான்.

பெற்றோருக்கு மகள்மேல் அன்பில்லை என்று நாம் கருதவில்லை. அவர்கள் மனத்தில் ஒரு வரவு செலவுக் கணக்கு இருக்கிறது. புத்தகம், உடை, வண்டிச் சத்தம் ஆகியவை செலவு. வீட்டு வேலைக்கு ஒரு கை குறைவது மேலும் ஒரு செலவு. வரவோ, திருமணத்திற்குப்பின் வேறு வீட்டிற்குப் போய்விடும் என்பது அவர்கள் எண்ணம். வளர்ந்துவரும் நாடுகள் பலவற்றிலும் இக்கணக்கே பெண் கல்விக்குத் தடையாக நிற்கிறது. அதை மாற்ற முயன்ற ஒரு நாட்டின் அனுபவத்தை இப்பாடத்தில் ஆராய்வோம்.

வங்காள தேச அனுபவம்

வங்காள தேசத்தில் 1982ஆம் ஆண்டு சாந்த்பூர் மாவட்டத்துச் சாராஸ்தி வட்டாரத்தில், உயர்நிலைப் பள்ளி மாணவியருக்கு உதவித்தொகை அளிக்கும் திட்டம் சோதனையாகத் தொடங்கப்பெற்றது. 1994ஆம் ஆண்டு முதல் அது நாட்டின் கிராமப்புறம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. ஆறாம் வகுப்பு மாணவிக்கு மாதம் 25 டாக்கா, ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் 60 டாக்கா என்று விகிதம் வகுத்தனர். பள்ளிக் கட்டணத்தை அரசே பள்ளிக்குச் செலுத்தியது.

உதவி பெற மூன்று நிபந்தனைகள் இருந்தன. பள்ளி நாட்களில் 75 சதவீதம் வருகை வேண்டும். ஆண்டுத் தேர்வில் 45 சதவீத மதிப்பெண் வேண்டும். பள்ளி இறுதித் தேர்வு வரை திருமணம் செய்யலாகாது.

கூட்டுறவாளர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. தொகை தந்தையின் கையில் தரப்படவில்லை. மாணவியின் பெயரிலேயே வங்கிக் கணக்குத் தொடங்கி அதில் செலுத்தப்பட்டது. குடும்பத்தின் மொத்தச் செலவில் அது ஒரு பகுதியே. ஆயினும், மகள் பள்ளிக்குச் சென்றால் வரவும் உண்டு என்பதை அவள் பெயர் பொறித்த கணக்குப் புத்தகம் வீட்டாருக்குக் காட்டியது.

1991இல் சுமார் 11 இலட்சமாக இருந்த உயர்நிலைப் பள்ளி மாணவியர் தொகை 2005இல் சுமார் 39 இலட்சமாயிற்று. மாணவரைவிட மாணவியர் மிகுந்தனர். இவ்வுயர்வு முழுவதையும் உதவித்தொகையின் பயனாகக் கொள்ளலாகாது. அக்காலத்தில் பள்ளிகள் பெருகின. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பெண்களுக்கு வேலையும் பெருகிற்று. குறையும் உண்டு. சேர்ந்தோர் பலர் பத்தாம் வகுப்பை முடிக்கவில்லை. இருபது முதல் இருபத்து நான்கு வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பதினெட்டு வயதிற்கு முன்னரே மணம் முடிக்கப்பட்டவர் என்று அண்மைக் கணக்கெடுப்புகளும் காட்டுகின்றன. பள்ளியில் சேர்ப்பது முதற்படியே. நிலைத்திருக்கச் செய்வதே கடினம்.

தூரம் என்னும் தடை

நம் நாட்டில் பீகார் அரசு 2006ஆம் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவியர் மிதிவண்டி வாங்க 2,000 ரூபாய் அளிக்கத் தொடங்கியது. இதனால் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகரித்தனர் என்று ஆய்வாளர் கண்டனர். பள்ளி 3 கிலோமீட்டருக்கு மேல் இருந்த ஊர்களிலேயே பயன் மிகுந்திருந்தது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாயை அவள் வங்கிக் கணக்கிலேயே செலுத்துகிறது. ஆனால் எட்டாம் வகுப்பில் நின்றுவிட்ட பெண்ணை அவ்வுதவி எவ்வாறு சென்றடையும்? அந்த இடைவெளியில்தான் சங்கத்திற்கு வேலை இருக்கிறது.

சங்கம் செய்யத்தக்கவை

முதலாவது, உறுப்பினர் இல்லங்களில் பதினொன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ள பெண்கள் எத்தனை பேர், பள்ளி செல்வோர் எத்தனை பேர் என்று நிர்வாகக் குழு ஒரு பட்டியல் எழுதலாம்.

இரண்டாவது, கூலி அல்லது விளைபொருள் தொகை வழங்கும்போது மாதம் 100 ரூபாய் பிடித்து மகள் பெயரில் சேமிக்கலாம். ஆறாம் வகுப்பில் தொடங்கினால், பத்தாம் வகுப்பு முடிவதற்குள் ஐந்து ஆண்டுகளில் 6,000 ரூபாயும் வட்டியும் சேரும்.

மூன்றாவது, துணை விதிகள் இடந்தருமாயின், பொதுநல நிதியிலிருந்து தேர்வுக் கட்டணத்திற்கோ வண்டிச் செலவிற்கோ உதவப் பேரவையில் தீர்மானம் செய்யலாம்.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் அப்போதே தறியை நிறுத்தி முடிந்துவிடுகிறார். மறந்து நெய்துகொண்டே போனால் குறை துணி முழுதும் ஓடும். பள்ளியை விட்டு நின்ற பெண்ணின் செய்தியும் அத்தகையதே. நின்ற வாரத்திலேயே வீட்டிற்குச் சென்று கேட்டால் திரும்ப அனுப்புவர். ஓராண்டு கழித்துக் கேட்டால் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் சங்க உறுப்பினர் வீடுகளில் பள்ளியை விட்டு நின்ற பெண்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவருக்கும் காரணம் என்ன?
2. உதவித்தொகையைத் தந்தையிடம் தருவதற்கும் மகள் கணக்கில் செலுத்துவதற்கும் வேறுபாடு யாது?
3. அடுத்த பேரவைக்கு முன் நாம் செய்து முடிக்கக்கூடியது எது?